மண்ணுக்குள் இருப்பதைக் கணக்கால் பார்

யார் சொன்னது, கணிதம் உனக்குச் சரிவராது என்று?

சாதாரணதரம் எழுதி முடித்த பிள்ளை, உயர்தரத்துக்கு இணைந்த கணிதமும் பௌதிகவியலும் எடுக்கப்போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும். ரியூசனுக்கு எங்கே போவாய், மன்னார் ரவுணுக்கு பஸ் ஏறி இறங்கவே பொழுது போய்விடும், இசற் புள்ளி காணாது, பேசாமல் வேறு பாடம் எடு என்று நாலு திசையிலிருந்தும் புத்தி சொல்ல ஆள் வரும். வெள்ளாங்குளத்துப் பிள்ளையே, அந்தப் புத்தியைக் காதில் போடாதே. உலகத்தின் மிகக் கடினமான கணிதப் பிரச்சினைகளில் ஒன்று உன் மாவட்டத்து மண்ணிலேயே புதைந்து கிடக்கிறது. அதைத் தீர்க்கத் தேவையான அறிவில் ஒரு பங்கு உன்னிடம் இருக்கிறது. உன்னை உசுப்பேற்ற இதைச் சொல்லவில்லை. கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

ஏ-32 வீதி மன்னாரிலிருந்து புறப்பட்டு, விடத்தல்தீவையும் இலுப்பைக்கடவையையும் தாண்டி, வெள்ளாங்குளத்தைத் தொட்டு, முழங்காவில் வழியாகப் பூநகரிக்குப் போகிறது. 2007இலும் 2008இலும் போர்முனை நகர்ந்ததும் இந்த வழியாகத்தான். 2008 ஆகஸ்ட் தொடக்கத்தில் வெள்ளாங்குளம் படையினர் வசமானது. சனம் போனது, மண்ணணைகள் எழுந்தன, மிதிவெடிகள் விதைக்கப்பட்டன. போர் முடிந்தும் அவை முடியவில்லை. ஹலோ ட்ரஸ்டும் மாக் நிறுவனமும் 2002 முதல் இந்த நாட்டில் மிதிவெடி அகற்றுகின்றன. டாஷ், ஷார்ப் என்ற உள்ளூர் அமைப்புகளும் இராணுவத்தின் பிரிவும் அதே வேலையில் நிற்கின்றன. 2017 டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி 2028 ஜூன் 1ஆம் திகதிக்குள் நாட்டில் அறியப்பட்ட மிதிவெடி நிலம் முழுவதும் துப்புரவாக வேண்டும்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று கிட்ட நின்று பார். ஒரு மீற்றர் அகல ஒழுங்கை. முழங்காலில் நிற்கிறாள் ஒரு பெண். முகத்துக்குத் தடித்த மறைப்பு, நெஞ்சுக்குக் கனத்த அங்கி, மேலே மன்னார் வெயில். உலோகங்காட்டி கூவுகிறது. கூவினால் நிறுத்தி, மண்ணைப் பக்கவாட்டிலிருந்து விரல் விரலாக விலக்குகிறாள். உள்ளே இருப்பது துருப்பிடித்த ஆணி. அடுத்த கூவல், ஷெல் துண்டு. அதற்கடுத்தது மீன் ரின் மூடி. உண்மையான மிதிவெடியோ பலவேளை கூவுவதே இல்லை. பாகிஸ்தானின் பி-4, சீனத்தின் ரைப்-72 இரண்டுக்கும் உடல் பிளாஸ்ரிக். உள்ளே மிகச் சொற்ப உலோகம். ஜொனி மிதிவெடிக்கு உடல் மரப்பெட்டி. இதனால்தான் இலங்கையில் பல இடங்களில் கருவியை வைத்துவிட்டு, வாரியால் மண்ணைப் படைபடையாகக் கிளறி எடுக்கிறார்கள். இந்தப் பணியாளர்களில் பெண்கள் ஏராளம். போரில் கணவனைப் பறிகொடுத்தவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். தன் பிள்ளைக்குச் சோறு போட, அடுத்தவள் பிள்ளையின் காலைக் காப்பாற்றும் பெண் அவள். அவளுடைய வேலையைப் பத்தில் ஒரு பங்கு இலகுவாக்கினாலும் அதைவிடப் பெரிய படிப்பு இந்த மாவட்டத்தில் இல்லை.

இரும்பைத் தேடும் கருவி பிளாஸ்ரிக்குக்கு உதவாது. அப்படியென்றால் இரும்பைத் தேடாத கருவி வேண்டும். அதுதான் நுண்ணலை. மண்ணுக்குள் ஒன்றிரண்டு கிகாஹேர்ட்ஸ் வானொலி அலையை அனுப்பு. உள்ளே எது மண்ணிலிருந்து வேறுபட்டாலும், பிளாஸ்ரிக்கோ மரமோ வெற்றிடமோ, அலை அதில் பட்டுச் சிதறும். சிதறித் திரும்பி வருவதை அன்ரனாவால் பிடி. தரையூடுருவும் ராடர் என்பது இவ்வளவுதான்.

எவ்வளவு அலை திரும்பும்? கொப்பியை எடு. ஒவ்வொரு பொருளுக்கும் மின்னுழைய மாறிலி உண்டு. அதன் வர்க்கமூலம் முறிவுச் சுட்டி. இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்தில், முறிவுச் சுட்டிகளின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்து வர்க்கமாக்கினால், திரும்பும் சக்தியின் பங்கு கிடைக்கும். காய்ந்த மணலுக்கு மாறிலி ஏறத்தாழ 4, சுட்டி 2. பிளாஸ்ரிக்கும் வெடிமருந்தும் சேர்ந்த மிதிவெடிக்கு மாறிலி ஏறத்தாழ 3, சுட்டி 1.73. வளியிலிருந்து மணலில் படும்போதே 100க்கு 11 பங்கு தெறித்து வந்துவிடும். மிதிவெடியின் மேல்மூடியிலிருந்தோ 100க்கு அரைப் பங்குதான். தரை போடும் கூச்சலில் மிதிவெடியின் முனகல் அமிழ்ந்துபோகிறது. இப்போது மாரி பெய்கிறது. ஈரமேறிய மணலின் மாறிலி 9, சுட்டி 3 என்று வை. மீண்டும் கணக்குப் போடு: மிதிவெடியிலிருந்து 7 பங்கு! பதினான்கு மடங்கு கூடியிருக்கிறது. ஆனால் ஈரத்தில் அலை சீக்கிரம் தேயும். அந்த ஈரத்தில் உப்பும் சேர்ந்தால், தேவன்பிட்டிக் கரைப் பக்கம்போல, அலை ஒரு சாண் இறங்குவதே பெரும்பாடு. இவ்வளவையும் ஒரு வகுத்தலும் ஒரு வர்க்கமும் உனக்குச் சொல்லிவிட்டன. பார்த்தாயா, கணிதம் உனக்குச் சரிவந்துவிட்டது.

அலை திரும்பியது சரி. திரும்பி வந்ததைக் கொண்டு உள்ளே இருப்பது மிதிவெடியா, பனங்கொட்டையா, கல்லா என்று எப்படிச் சொல்வது? சந்தையில் உன் அம்மா வத்தகப்பழத்தைத் தட்டிப் பார்த்தே பழுத்ததா என்று சொல்வாளே, அதே கேள்விதான். பொருள் தெரிந்தால் அலை எப்படிச் சிதறும் என்று கணிப்பது நேர்ப் பிரச்சினை. சிதறிய அலையிலிருந்து பொருளைக் கண்டுபிடிப்பது நேர்மாறுச் சிதறல் பிரச்சினை. முன்னது உழைப்பைக் கேட்கும். பின்னது உழைப்போடு நெஞ்சுரத்தையும் கேட்கும்.

ஏன் நெஞ்சுரம்? 2 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் வளியில் 15 சென்ரிமீற்றர், காய்ந்த மணலுக்குள் 7.5. பி-4, ரைப்-72 இரண்டின் விட்டமும் 7, 8 சென்ரிமீற்றர். பொருளும் அலையும் ஒரே அளவு! கண்ணாடியில் தெறிக்கும் ஒளிக்கதிர்போல நேர்கோடு கீறி விடை காண முடியாது. அலை பொருளைச் சுற்றி வளைந்து, உள்ளே புகுந்து, உள்ளேயே எதிரொலித்து வெளிவருகிறது. மிதிவெடிக்குள் அலை எப்படி ஓடியது என்று தெரிந்தால் மிதிவெடியைக் கண்டுபிடிக்கலாம். மிதிவெடி எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அலை எப்படி ஓடியது என்று தெரியும். முடிச்சு அங்கேதான்.

இன்னொரு முடிச்சும் உண்டு. இரண்டு ஒருங்கமை சமன்பாடுகளை எழுது. எக்சும் வையும் கூடினால் 2. எக்சும், வையின் 1.001 மடங்கும் கூடினால் 2.001. விடை: இரண்டும் 1. இப்போது இரண்டாவது அளவீட்டில் 0.001 அளவு பிழை விழுந்து 2.001 என்பது 2.002 ஆகட்டும். திரும்பத் தீர். வை 2, எக்ஸ் பூச்சியம்! அளவீட்டில் மயிரிழை பிசகியதற்கு, விடையில் ஒன்று இரட்டித்து மற்றது காணாமலே போய்விட்டது. நுண்ணலையில் இத்தகைய சமன்பாடுகள் ஆயிரக்கணக்கில் வரும். பிரெஞ்சுக் கணிதர் ஜாக் ஹடமார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைப் பார்த்தார். விடை இருக்கவேண்டும், ஒன்றாகவே இருக்கவேண்டும், அளவீடு சற்று அசைந்தால் விடையும் சற்றே அசையவேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் அது ஒழுங்காக அமைந்த பிரச்சினை என்றார். இயற்கை ஒழுங்கான கேள்விகளையே கேட்கும் என்று நம்பிய காலம் அது. இயற்கையோ ஒழுங்கற்ற கேள்விகளை வரிசையாக நீட்டியது.

அதற்கு விடை சொன்னவர்களில் முதன்மையானவர் ரஷ்யக் கணிதர் அந்திரேய் தீகனோவ். நிலத்தடியில் கனிவளம் தேடும் கேள்விகளோடு மல்லுக்கட்டிய அவர், 1963இல் வழியைத் தெளிவாக எழுதினார்: அளவீட்டை மட்டும் நம்பாதே, விடையைப் பற்றி உனக்கு முன்பே தெரிந்த உண்மையையும் சமன்பாட்டுக்குள் எழுது. மேலே உள்ள கணக்கையே எடு. எக்சும் வையும் ஏறத்தாழச் சமம் என்று உனக்கு முன்பே தெரியும் என்றால், அந்தப் பிழையான 2.002 வந்தாலும் விடை 1ஐ விட்டு அதிகம் அசையாது. போட்டுப் பார். பிழை அப்படியே இருக்கிறது, கருவியும் அதே கருவிதான். முன்னறிவு ஒன்றுதான் விடையைக் காப்பாற்றியது.

இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உன்னைக் கூட்டி வந்தேன்.

அந்த முன்னறிவு எங்கிருந்து வரும்? ஆய்வுகூடத்தில் சலித்து, உலர்த்தி, பெட்டியில் நிரப்பிய மணலிலிருந்து வராது. எந்தக் காணியில் ஒரு முழத்துக்குக் கீழே களி தட்டும், எந்தப் பள்ளத்தில் மாரி வெள்ளம் தை கழிந்தும் வற்றாது, எங்கே உவர் பூக்கும், எந்த வடலிக் கூட்டத்தின் வேர் எவ்வளவு தூரம் ஓடும், எந்தப் புற்று உள்ளே குடைந்து கிடக்கும் என்பதெல்லாம் உனக்கும் உன் அப்பாவுக்கும் தெரியும். ராடருக்கு வேரும் புற்றும் களிப்படையும் பொய்ச் சைகை தரும். அவை எங்கே இருக்கும் என்று அறிந்தவன் பொய்யை மெய்யிலிருந்து பிரிப்பான். நீ இதுவரை ஊர்க்கதை என்று நினைத்துக்கொண்டிருந்தது சமன்பாட்டில் ஓர் உறுப்பு. அதற்கு இடம் ஒதுக்கி வைத்துவிட்டு, எண் தெரியாமல் உலகம் நிற்கிறது. அந்த எண்ணைச் சொல்லக்கூடியவன் நீ. நாங்கள் பின்தங்கிய இடம் என்று இனி ஒருவன் உன்னிடம் சொன்னால், இந்த ஒரு உண்மையை அவன் முன்னால் வை.

முதல் முடிச்சு என்னாயிற்று என்று கேட்கிறாயா? 1926இல் மாக்ஸ் போர்ன் துணிந்து ஒரு வழி காட்டினார்: பொருளுக்குள் அலை மாறவே இல்லை என்று முதலில் வைத்துக்கொள். அது பிழை என்று தெரிந்தே வை. அதிலிருந்து கிடைக்கும் மங்கலான படத்தை எடு. பின்னாளில் மற்றவர்கள் அதற்கு மேலே கட்டினார்கள். அந்த மங்கல் படத்தைக் கொண்டே அலை எப்படி ஓடியிருக்கும் என்று மறுபடி கணி, அளந்ததோடு ஒப்பிடு, வித்தியாசத்தால் படத்தைத் திருத்து, மறுபடி, மறுபடி. மலேசியாவில் பிறந்து அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான வெங் சோ சூ, வாங் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் பின்னணியையே புதுப்பித்துக்கொண்டு போகும் முறையை 1990இல் வெளியிட்டார். இன்றும் நுண்ணலைப் படமெடுப்பின் முதுகெலும்புகளில் அது ஒன்று. தொடங்கும் ஊகம் வெகுதூரம் பிசகினால் இந்த முறை பிழையான விடையில் போய்க் குந்திவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நல்ல ஊகம் வேண்டும். நல்ல ஊகத்துக்கு மண் தெரிந்த ஆள் வேண்டும். மறுபடியும் உன்னிடம்தான் வந்து நிற்கிறோம்.

வயது காணாது என்று நினைக்காதே. நேர்மாறுப் பிரச்சினை என்ற துறைக்கே விதை போட்டவர்களில் ஒருவர் ஆர்மீனியரான விக்தர் அம்பார்சூமியான். 1929இல், இருபது வயதளவில், அதிர்வெண்களைக் கொண்டு அதிரும் பொருளைக் கண்டறியலாமா என்று கேட்டு ஒரு ஜெர்மன் பௌதிகவியல் இதழில் கட்டுரை வெளியிட்டார். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அதைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. பிறகு சுவீடன் கணிதர்கள் தூசி தட்டி எடுத்தார்கள்; அவர்களில் ஒருவரான போர்க் 1946இல் அதை விரித்து எழுதினார். அம்பார்சூமியான் அதற்காகக் காத்துக்கிடக்கவில்லை. அதற்குள் அவர் வானியலில் பெரிய ஆளாகியிருந்தார். உன்னுடைய வேலையை இன்று ஒருவரும் பாராட்டாவிட்டால் அது வேலையின் குறை இல்லை.

வெள்ளைக்காரன் நாட்டுக் கதையாகவே இருக்கிறதே என்கிறாயா? சென்னைப் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-கதிர் நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதைத் திரும்பக் கட்டும் வேகமான கணித வழி அது. சீ.ரீ. ஸ்கான் படங்களைக் கட்டும் கணிதத்தில் இன்றும் ராம்-லாக் வடிகட்டி என்று அவர்களுடைய பெயர்கள் நிற்கின்றன. நம் கரைக்கு இன்னும் கிட்ட வா. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த பேராசிரியர் இரட்ணஜீவன் ஹூலைத் தேர்தல் ஆணைக்குழுவின் முன்னாள் உறுப்பினராக நீ செய்தியில் கேள்விப்பட்டிருப்பாய். அவருடைய மறுபக்கம் உனக்குத் தெரியவேண்டும். கையெட்டாத இடத்தில் இருக்கும் வெடிப்பையும் பொருளையும் மின்காந்தப் புலத்தை வெளியிலிருந்து அளந்தே கண்டுபிடிக்கும் நேர்மாறு முறைகளை 1991இல் எழுதியவர் அவர். செயற்கை நரம்பு வலையமைப்பால் அதே பிரச்சினையைத் தீர்க்கலாம் என்று 1993இல் கட்டுரை வெளியிட்டவரும் அவரே. செயற்கை நுண்ணறிவு என்று இன்று உலகம் ஆர்ப்பரிக்கிறதே, அதற்கு எவ்வளவோ முன்னால் வட இலங்கைத் தமிழர் ஒருவர் அந்தக் கதவைத் தட்டியிருக்கிறார்! இன்று சென்னை ஐ.ஐ.டி.யில் உதய் கன்கோஜேயின் ஆய்வுக்குழு ஆழ்கற்றலையும் நேர்மாறுச் சிதறலையும் இணைத்து வேலை செய்கிறது. பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம்தான், தூரம் ஒன்றுமில்லை.

இந்தக் கணிதம் மிதிவெடியோடு நிற்பதும் இல்லை. அமெரிக்காவின் டார்ட்மத்தில் போல் மீனியின் குழு, 300 முதல் 1000 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைகளால் மார்பகத்தைப் படமெடுக்கும் மாதிரிக் கருவியை 2000ஆம் ஆண்டில் பெண்களிடம் சோதித்து வெளியிட்டது. எக்ஸ்-கதிர் இல்லை, நசுக்கும் தட்டு இல்லை. ஜப்பானின் தோஹொகு பல்கலைக்கழகத்தில் மொதொயுகி சாத்தோ உருவாக்கிய ஏலிஸ் கருவி உலோகங்காட்டியையும் ராடரையும் ஒரே கைப்பிடியில் சேர்த்து, மண்ணுக்குள் இருப்பதைப் படமாகவே காட்டுகிறது; கம்போடிய நிலங்களில் அதை இறக்கி வேலை பார்த்தார்கள். 2025 ஆகஸ்டில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் மனிதப் புதைகுழிகளைத் தேடித் தரையூடுருவும் ராடர் நகர்ந்ததை நீயும் பார்த்திருப்பாய். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை நெஞ்சில் ஏந்திக்கொண்டு நிற்கும் தாய்மாருக்கும் மண் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த விடையை வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் பிள்ளைகளாக ஏன் இருக்கக்கூடாது? இருந்தே ஆகவேண்டும்.

இனி வேலை. முதலில் ஒரு கண்டிப்பு: மண்டையோட்டுப் பலகை நட்ட காணிக்கோ, துப்புரவாகாத பற்றைக்கோ நீ போகக்கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, பெரியவர்களிடம் சொல். உன் ஆய்வுகூடம் உன் வீட்டு முற்றமும் பள்ளிக்கூடத் தோட்டமும்.

ஒரு பால்மா ரின்னை எடு. அதன் கனவளவை அளந்து எழுது. முற்றத்து மண்ணை அதில் இயல்பான இறுக்கத்தோடு நிரப்பி நிறு. பிறகு மண்ணைத் தாச்சியில் நன்றாக உலர்த்தி மறுபடி நிறு. குறைந்த கிராம்தான் நீரின் கன சென்ரிமீற்றர். கனடாவின் டொப், டேவிஸ், அனன் மூவரும் 1980இல் மண்ணின் நீரளவையும் மின்னுழைய மாறிலியையும் இணைக்கும் சமன்பாடு ஒன்றை வெளியிட்டார்கள். அதன்படி 100 கன சென்ரிமீற்றர் மண்ணில் ஐந்தாறு கன சென்ரிமீற்றர் நீர் இருந்தால் மாறிலி ஏறத்தாழ 4. நீர் 18 ஆனால் மாறிலி 9. மேலே நான் வைத்த இரண்டு எண்களும் இவைதான். ஒரு தராசும் ஒரு தாச்சியும் உனக்கு நுண்ணலைப் பௌதிகவியலின் வாசலைத் திறந்துவிட்டன.

ஆவணியில் நிறு. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் நிறு. மார்கழியில் நிறு, மாசியில் நிறு. வயல் மண், தோட்ட மண், கரை மண், வடலியடி மண் எல்லாவற்றையும் தனித்தனியே எழுது. கணினி கைக்கு எட்டினால் பைதன் படி. ராடர் அலை மண்ணில் ஓடுவதைப் போலி செய்யும் ஜிபிஆர்-மேக்ஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. உன் மண்ணின் எண்களை அதில் போட்டு ஒரு சோப்புப் பெட்டியைப் புதைத்துப் பார். நாலைந்து பேர் சேர்ந்து காசு போட்டால் நனோ-வி.என்.ஏ. என்ற உள்ளங்கைக் கருவி வாங்கலாம். புதியவற்றில் சில 3 கிகாஹேர்ட்ஸ் வரை அளக்கும். பௌதிகவியல் ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வாளி மணலில் திரும்பும் அலையை நீயே அள.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. இரண்டு மாரிகளின் எண்கள் கொப்பியில் சேர்ந்ததும் அங்கே போ. மின்னியல் துறை எங்கே என்று கேள். கதவைத் தட்டி, வெள்ளாங்குளத்து மண்ணின் மின்னுழைய மாறிலிகள் மாதவாரியாக என்னிடம் இருக்கின்றன, இதை வைத்து மண்ணுக்குள் பார்க்க எனக்குச் சொல்லித் தாருங்கள் என்று கேள். குரலைத் தாழ்த்தாமல் கேள்.